அக்டோபர் மலைக்கு அரிசி மூட்டையோடு

போன வருடம் அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் லாங்மாண்ட் வீட்டின் கராஜில் ஒரு பின்னந்தொடையை மேசை மேல் போட்டு எலும்பை நீக்கிக்கொண்டிருந்தேன். எல்க் என்ற பெரிய மானின் தொடை. இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. முந்தின நாள் அதை மலையிலிருந்து முதுகில் சுமந்து இறக்கியது நான்தான். வெளிப்புறம் நல்ல அடர்சிவப்பாக, தொட்டால் கையில் ஒட்டாமல் உலர்ந்திருந்தது. கத்தி இடுப்பு மூட்டுக்குப் போய் எலும்பைத் தொட்டதும் ஒரு வாடை வந்தது. மூன்று நாள் மூடி வைத்த மாவுப் பாத்திரத்தைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு, அதற்கு அடியில் வேறு ஏதோ. இன்னும் ஒரு விரல் ஆழம் கீறினேன். எலும்பை ஒட்டிய கறி சாம்பலும் பச்சையுமாகப் பிசுபிசுத்துக் கிடந்தது.

பாதித் தொடையைத் தூக்கிப் போட்டேன். ஆறு கிலோமீட்டர் சுமந்தது வீண் என்பது பெரிதாகத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஒரு உயிரைக் கொன்றுவிட்டு, அதன் நல்ல கறியைக் குப்பைக்கு அனுப்புகிறோமே என்பதுதான் இரவெல்லாம் மனதைப் போட்டு அரித்தது.

அந்த எல்க்கைச் சுட்டது அலுவலக நண்பர். மாலை ஆறு மணிக்கு, வெளிச்சம் போகிற நேரத்தில், ஒரு செங்குத்தான பள்ளத்தின் அடியில் விழுந்திருக்கிறது. வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துவிட்டு, ஒரு பக்கத் தோலை மட்டும் உரித்துவிட்டு, மீதியைக் காலையில் பார்க்கலாம் என்று கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இரவில் சாட்டிலைட் கருவி வழியாக எனக்குச் செய்தி வந்தது: “பெரிய பையோடு வர முடியுமா?” அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினேன். நாங்கள் மறுபக்கத்தைத் திருப்பி உரிக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. குளிருக்காகவே படைக்கப்பட்ட மிருகம் அது. அந்த ரோமமும் தடித்த தோலும் கம்பளி மாதிரி உடல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியில் பனி உறைந்தாலும், தரையில் அழுந்திக் கிடந்த பக்கத்தின் இடுப்பு மூட்டு ராத்திரி முழுக்க உள்ளுக்குள் வெந்நீர்ப் பை மாதிரி இருந்திருக்கிறது. நான் சுமந்து வந்தது அந்தத் தொடையைத்தான்.

இந்த வருடம் நானே வேட்டைக்குப் போகிறேன். முதல் முறை. ஜனவரியிலிருந்து திட்டம் போடுகிறேன். என் திட்டம் முழுக்க அந்தத் தொடையிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கே எல்க் இருக்கும், எந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் பின்னால் வந்த கேள்விகள். விழுந்த மிருகம் எத்தனை மணி நேரத்தில் குளிரும், எத்தனை நடையில் சாலைக்கு வரும் என்பதை முதலில் எழுதி வைத்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் திருமங்கலம். கொலராடோவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சித்தப்பாவுக்கு ஊரில் ஆட்டுக்கறிக் கடை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். கறி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு ஒருநாளும் மறைவாக இருந்ததில்லை. இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது, அதனால் என் தலைமுறையில் யாரும் காட்டு மிருகத்தைச் சுட்டதில்லை. இங்கேயும் விசாவில் இருந்தவரை நான் துப்பாக்கிப் பக்கம் போகவில்லை. எச்-1பி போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனாலும் எனக்கு அந்த நூலிழையில் நடக்க மனம் வரவில்லை. க்ரீன் கார்டு வந்த பிறகே இறங்கினேன். விசாவில் இருக்கும் நண்பர்கள் வக்கீலிடம் கேட்காமல் ஒரு தோட்டாவைக்கூட வாங்க வேண்டாம்.

எல்க் என்றால் நம் ஊர்க் கடமானை நினைத்துக்கொள்ளலாம். சாயல் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இன்னும் பெரிது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும், பெண் 225 கிலோ வரும். பழைய தமிழில் ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் சொன்னார்களே, மலைச்சரிவில் ஒரு கலை தலை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அந்தச் சொல் தானாக வாயில் வரும். கொலராடோவில் மட்டும் 2,80,000-க்கு மேல் எல்க் இருப்பதாக மாநில வனவிலங்குத் துறை கணக்குச் சொல்கிறது. வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. நூறு வருடங்களுக்கு முன்னால் நிலைமையே வேறு. கறிக்கும் தோலுக்கும் கண்மண் தெரியாமல் சுட்டுத் தள்ளி, மாநிலம் முழுக்க ஓரிரு ஆயிரம்கூட மிஞ்சாத காலம் இருந்தது. 1913, 1914 வாக்கில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கத்திலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து எஸ்டஸ் பார்க்கில் விட்டார்கள். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். இப்போது அந்த ஊரில் செப்டம்பரில் கோல்ஃப் மைதானத்தில் எல்க் மேய்கிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. நான் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் அது சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஆண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய கறி ஏறக்குறைய 90 கிலோ தேறும். நாங்கள் இரண்டு பேர் போகிறோம், அதே அலுவலக நண்பரும் நானும். அந்த உயரத்தில் கரடுமுரடான பாதையில் ஒருவர் ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கலாம் என்று வைத்தால், ஆளுக்கு இரண்டு நடை கறிக்கே போய்விடும். கூடாரம், படுக்கை, துப்பாக்கி எல்லாம் மூன்றாவது நடை. சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே என்றால் வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. மொத்தம் 20 கிலோமீட்டர். அதில் 12 கிலோமீட்டர் முதுகில் பாரத்தோடு. இரண்டு முழு நாள் வேலை. எட்டு கிலோமீட்டர் உள்ளே போனால் இதே கணக்கு 40 ஆகிவிடும், கறி அதற்குள் தாங்காது. ஆகவே வரைபடத்தில் சாலை முடிகிற இடத்தை மையமாக வைத்து நான்கு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். அதற்கு வெளியே எவ்வளவு நல்ல புல்வெளி இருந்தாலும் எனக்கு இல்லை.

பெரும்பாலான வேட்டைக்காரர்கள் சாலையிலிருந்து ஒன்றிரண்டு மைலுக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள், எல்க்குக்கும் அது தெரியும் என்பார்கள். உண்மைதான். அதனால் வட்டத்தின் விளிம்பு எனக்கு முக்கியம். அங்கிருந்து ஒரு மேடு ஏறி இறங்கினாலே ஆள் நடமாட்டம் குறைந்துவிடுகிறது.

இடம் ஃப்ளாட் டாப்ஸ். பெயருக்கு ஏற்றபடி உச்சி தட்டையான மலைகள். பழைய எரிமலைக் குழம்பு படிந்து உறைந்த பெரிய மேட்டுநிலம், ஓரங்களில் கருங்கல் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். அங்கே ட்ராப்பர்ஸ் ஏரி என்று ஒன்று இருக்கிறது. 1919-இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரைக் கோடைக்கால வீடுகள் கட்டுவதற்கு மனை அளக்கச் சொல்லி வனத்துறை அனுப்பியது. அவர் அளந்து முடித்துவிட்டு, இங்கே வீடே கட்டக்கூடாது, இதை இப்படியே விடவேண்டும் என்று மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 1964-இல், காட்டுநிலங்களைக் கைபடாமல் காக்கும் வில்டர்னஸ் சட்டம் வருவதற்கு விதை போட்ட இடங்களில் ஒன்று என்று அந்த ஏரியைச் சொல்வார்கள். அங்கே நின்று பார்த்தபோது, வீடே வேண்டாம் என்று துணிந்து சொன்ன அந்த மனிதரை மனதாரக் கும்பிடத் தோன்றியது.

அந்தச் சட்டம் என் திட்டத்தில் நேராக வந்து உட்காருகிறது. வில்டர்னஸ் எல்லைக்குள் மோட்டார் வண்டி கிடையாது, இயந்திர ரம்பம் கிடையாது, சக்கரம் வைத்த எதுவுமே கிடையாது. கறி ஏற்றி இழுக்கும் இருசக்கரத் தள்ளுவண்டியும் கூடாது. முதுகு இருக்கிறது, இல்லாவிட்டால் குதிரை. குதிரை வைத்துச் சுமை இறக்கிக் கொடுப்பவர் ஒருவரிடம் ஜூனிலேயே பேசிவிட்டேன். வார நாட்களில் வர முடியும், முதல் நாள் இரவு செய்தி அனுப்பினால் போதும் என்றார். மிருகம் விழுந்த பிறகு குதிரை தேடக் கிளம்பினால் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. நான் போவது இரண்டாவது ரைஃபிள் சீசன், அக்டோபர் கடைசியில் ஒன்பது நாள். ஆண் எல்க்குக்கான உரிமம் பல பகுதிகளில் குலுக்கல் இல்லாமல் நேராகவே வாங்கலாம். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, அந்தந்த வருடப் பிரசுரத்தைப் பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு மாற்று இல்லை. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். என் வகுப்பில் பாதிப்பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். துப்பாக்கியின் வாய் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் ஒரு நொடிகூட மறக்கவில்லை. எனக்கு அது நல்ல பாடம். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும், தலையிலும் வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் சுடலாம். நான் போகும் பகுதியில் ஆணாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்கவேண்டும், அல்லது நெற்றிக்கு மேல் வரும் முதல் கிளை ஐந்து அங்குலமாவது இருக்கவேண்டும். விடியற்காலை மங்கலில் இதை எண்ணிப் பார்க்கத்தான் நல்ல பைனாகுலர். துப்பாக்கியின் தொலைநோக்கியில் பார்த்து எண்ணக்கூடாது. அது எல்க்காக இல்லாமல் ஒரு மனிதராகவும் இருக்கலாம். எல்க்கைவிடப் பெரிய மான் இனமான மூஸும் உண்டு. 1978-இல் நார்த் பார்க்கில் கொண்டுவந்து விட்ட மூஸ் இப்போது இந்த மலைகளிலும் நடமாடுகிறது.

ஜூலையில் நான்கு நாள் இடம் பார்க்கப் போனேன். வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த ஒரு சரிவு, அதன் வழியாகக் குறுக்கே வந்துவிடலாம் என்று வீட்டில் உட்கார்ந்து கோடு போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் மரங்கள் செத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. இடுப்புயரம், சில இடங்களில் நெஞ்சுயரம். 1940-களில் ஸ்ப்ரூஸ் மரங்களைத் தின்னும் வண்டு இந்த மலைகளின் காட்டை அழித்தது, அதன் வெள்ளி நிறப் பட்டமரங்களை இன்னும் பார்க்கலாம். அப்புறம் புதிதாக விழுந்தவையும் சேர்ந்துகொண்டன. ஒரு கிலோமீட்டர் தாண்ட எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, அதுவும் பையில் தண்ணீரும் ரொட்டியும் மட்டும் இருந்தபோது. தொடையைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் கால் தூக்கி வைத்தால் முழங்கால் போய்விடும். அந்தச் சரிவைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் இந்த மலையில் ஏறியவர். இப்போது முழங்கால் விடவில்லை. அவர் சொல்லிக் கொடுத்ததில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது காற்று. எல்க்கின் கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்றவே முடியாது. மலையில் காற்று தண்ணீர் மாதிரி. விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனத்து, ஓடை ஓடுகிற வழியிலேயே கீழே வழியும். வெயில் பட்டுச் சரிவு சூடாக ஆரம்பித்ததும் அதே காற்று மேலே ஏறும். மாலை நிழல் விழுந்ததும் திரும்பக் கீழே. ஆகவே காலையில் எல்க்குக்கு மேலே இருந்தால் என் வாடை அதன் மேல் கொட்டும். காற்று திரும்பிய பிறகு கீழே இருந்தாலும் அதே கதி. காலி மருந்துக் குப்பியில் சோளமாவு நிரப்பி எடுத்துப் போனேன். வாசனைப் பவுடர் ஆகாது. குப்பியை ஒரு அழுத்து அழுத்தினால் ஒரு சிட்டிகை மாவு வெளியே வந்து, மெதுவாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஒரு பக்கம் போகும். காலை எட்டே முக்கால் மணிக்கு ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தபோது மாவு கீழே போனது. ஒன்பதுக்கு அசையாமல் நின்று அப்படியே கால் மேல் விழுந்தது. ஒன்பதே காலுக்கு என் முகத்தைத் தாண்டி மேலே ஏறியது. அந்த அரை மணி நேரத்தில் நான் எங்கே இருக்கவேண்டும் என்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அக்டோபரில் வெயில் தாழ்ந்திருக்கும், இந்த நேரம் தள்ளிப்போகும். அதையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

இரண்டாவது சீசனில் ஆண்கள் கூவாது. செப்டம்பர் நடுவில் தொடங்கும் இணை சேரும் காலம் அக்டோபர் நடுவில் அடங்கிவிடும். ஒரு மாதம் சரியாகத் தின்னாமல் சண்டை போட்டு இளைத்த ஆண், கூட்டத்தை விட்டு விலகி, யாரும் வராத வடக்குச் சரிவின் இருண்ட காட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே புல்லும் தண்ணீரும் இருக்கவேண்டும். மேயப் போக நீண்ட தூரம் நடக்காது. அப்படி நான்கு மூலைகளை வட்டத்துக்குள் கண்டுபிடித்திருக்கிறேன். எவை என்று இங்கே எழுதப்போவதில்லை, பெரியவருக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

துப்பாக்கி .308 காலிபர், அதாவது குண்டின் விட்டம் அங்குலத்தில். 165 கிரெய்ன் எடையுள்ள, விரிகிற குண்டு. எல்க்குக்கு .24 காலிபருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம், இது அதற்கு நன்றாகவே மேலே. என் எல்லை 200 கஜம். மேசையில் மூட்டை வைத்துச் சுட்டால் 300 கஜத்திலும் தட்டில் விழுகிறது. ஆனால் மலையில் மேசை இல்லை. சுட்டுப் பழகும் ரேஞ்சில் நூறு மீட்டர் ஓடிவந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, நடைக்கம்பு இரண்டையும் குறுக்கே பிடித்து அதன் மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். 200 கஜத்தில் பத்துக்கு ஒன்பது. 250-இல் பத்துக்கு ஆறு. மீதி நான்கு என்பது குண்டு பட்டும் சாகாமல் காட்டுக்குள் போகும் நான்கு மிருகம். அதனால் 200.

இன்னும் ஒரு விதி எனக்கு நானே போட்டுக்கொண்டது. கூடாரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அஸ்தமனத்துக்கு முந்தின ஒரு மணி நேரத்தில் சுடமாட்டேன். நண்பர் முதலில் யோசித்தார். போன வருடத் தொடையை அவரும் மறக்கவில்லை. ஒத்துக்கொண்டார்.

கறியை எப்படிப் பிரிப்பது என்பதற்கு சித்தப்பாவை வீடியோவில் அழைத்தேன். இங்கே ஒரு முறை உண்டு, குடலை எடுக்காமலேயே பிரிப்பது. மிருகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி, கீழ்நோக்கி உரித்து, முன்னஞ்சப்பை, பின்னந்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று எடுத்துவிட்டு மறுபக்கம் திருப்புவது. உள்ளே இருக்கும் மென்கறியை விலா ஓரமாகக் கையை விட்டு எடுக்கலாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“முன்னஞ்சப்பைக்கு எலும்பு மூட்டு கிடையாதுடா தம்பி, சும்மா சதையில ஒட்டியிருக்கும். கால தூக்கிப் பிடிச்சு அடியில கத்திய விட்டாப் போதும், கழண்டு வந்துரும். எம்புட்டுப் பெருசா இருந்தாலும் ஆடு ஆடுதான்.”

“பின்னந்தொடைதான் சித்தப்பா பயமா இருக்கு. போன தடவை அங்கதான் கெட்டுப்போச்சு.”

“அத மட்டும் முழுசா வைக்காத. கிண்ணத்தத் தேடிப் பிடிச்சு மூட்ட விடு. அப்புறம் உள்பக்கமா எலும்பு வரைக்கும் ஒரே கீறலா கீறி, விரிச்சு, நெழல்ல தொங்க விடு. காத்து எலும்பத் தொடணும். நம்ம கடையில ஏன் தொங்கப் போடுறோம்னு நெனச்ச?”

இருபது வருடம் அந்தக் கடையில் தொங்கிய தொடைகளைப் பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதில்லை.

ஆட்டுத் தொடை ஒன்றை வாங்கி வந்து அந்தக் கீறலைப் பழகினேன். மூட்டுக் கிண்ணம் விரல் நுனிக்குத் தெரியும், காலை ஆட்டினால் அங்கே ஒரு சின்ன உருளல். கத்தி நுனியை அதில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் நரம்பு ‘டப்’ என்று அறுந்து மூட்டு திறந்துகொள்கிறது. இருட்டிலும் செய்யமுடிகிறதா என்று கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, தலைவிளக்கை மட்டும் வைத்துக்கொண்டு செய்தேன். நான்காவது தொடையில் மூன்று நிமிடம்.

நான்கு கால், முதுகுக்கறி, மென்கறி இவற்றை மலையில் விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு கறியோடு இயற்கையாக ஒட்டியிருக்கவேண்டும், உரிமச் சீட்டும் கறியோடு கட்டப்பட்டிருக்கவேண்டும். தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பேன். மான் இனத்தின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் முதன்முதலில் கண்ணில் பட்டதே 1967-இல், எங்கள் பக்கத்து ஊரான ஃபோர்ட் காலின்ஸில் வளர்ப்பு மான்களிடம்தான். மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் இருந்தால் தின்ன வேண்டாம் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது. வீட்டில் இரண்டு குழந்தைகள். முடிவு வரும்வரை கறி உறைபெட்டியில் இருக்கும்.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைனஸ் 18 தாங்கும் படுக்கைப் பை, பனியைத் தாங்கும் கூடாரம், டயருக்குச் சங்கிலி, சாட்டிலைட் கருவி, எட்டுத் துணிப் பைகள், இரண்டு கத்தி. காசை அள்ளிக் கொட்ட வைக்கிற கடைகள் நிறைய. நான் தாராளமாகச் செலவழித்தது காலணிக்கும், முதுகில் சுமை கட்டும் சட்டகத்துக்கும்தான். கறி தொங்கும் இடம் கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி இருக்கும். அக்டோபர் கடைசியிலும் கரடி தூங்கப் போயிருக்காது. திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்த்து, சத்தம் கொடுத்துவிட்டுத்தான் நெருங்குவோம்.

உடம்பைத் தயார் செய்வதற்கு அரிசி. இந்தியக் கடையில் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டை ஒன்பது கிலோ சொச்சம். மே மாதம் ஒரு மூட்டையை அந்தச் சட்டகத்தில் கட்டி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினேன். ஜூலையில் இரண்டு. இப்போது மூன்று மூட்டை, ஒரு தொடையின் கனம். வாரத்துக்கு மூன்று நாள், காலை ஐந்து மணிக்கு. பாரம் இடுப்பு எலும்பில் உட்காரவேண்டும், தோளில் தொங்கினால் இருபது நிமிடத்தில் கை மரத்துவிடும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பது மூன்றாவது மூட்டையில்தான் தெரிந்தது. தொடைத் தசை நடுங்கும். லாங்மாண்ட் 5,000 அடி, கூடாரம் 10,000 அடிக்கு மேல். சீசனுக்கு இரண்டு நாள் முன்பே போய் அங்கே சும்மா நடந்து, தண்ணீர் குடித்து, தூங்கி உடம்பைப் பழக்கப்போகிறோம். ஜூலையில் முதல் இரவு தலைவலியில் கிடந்தேன், இரண்டாம் நாள் சரியாகிவிட்டது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். “அம்புட்டுக் கறிய என்னய்யா செய்வ?” கால்வாசி சுமக்க வருபவர்களுக்கு, கொஞ்சம் பெரியவருக்கு, மீதி எங்களுக்கு ஒரு வருடத்துக்கு என்றேன். “உப்புக்கண்டம் போடு. அம்மா போடுற மாதிரி மஞ்சளும் உப்பும் சேத்து, கயித்துல கோத்து.” இந்த ஊர்க் காற்று நம் ஊர்ச் சித்திரை வெயிலைவிட வறண்டது. நன்றாகக் காயும் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. முதல் முறை போகிற எனக்கு அதைவிடவும் குறைவாகவே இருக்கும். ஒன்பது நாளும் நடந்துவிட்டுக் காலிப் பையோடு வர நான் தயார்.

ஜூலைப் பயணத்தின் கடைசி மாலையில் ஒன்றைப் பார்த்தேன். வட்டத்தின் விளிம்பில், கருங்கல் சுவருக்கு மேலே உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு பள்ளம், நானூறு அடி ஆழம், பக்கங்கள் சரளைக்கல். அதன் அடியில் ஒரு சின்ன ஓடை, கைக்குட்டை அளவு புல். ஏழரை மணிக்குக் காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண் வெளியே வந்தது. கொம்பில் இன்னும் வெல்வெட் தோல், ஒரு பக்கத்துக்கு ஆறு கிளை. பத்து நிமிடம் தண்ணீர் குடித்தது, மேய்ந்தது, தலையைத் தூக்கி நான் இருக்கும் பக்கம் பார்த்தது. என் குப்பியின் மாவு அதைவிட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தது. வாழ்நாளில் இவ்வளவு அழகான மிருகத்தை நான் பார்த்ததில்லை. கை தானாகத் தூரத்தை அளந்தது. 180 கஜம்.

கூடாரத்துக்குத் திரும்பி வரைபடத்தை விரித்தேன். அந்தப் பள்ளத்தின் ஓரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, சுவர் மாதிரி. தொண்ணூறு கிலோவை அங்கிருந்து ஏற்ற எத்தனை நடை, ஒவ்வொரு நடைக்கும் எத்தனை மணி நேரம், குதிரை எங்கே வரை வரும் என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். தலைவிளக்கு மங்கத் தொடங்கியிருந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பள்ளத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தேன்.